நடைவண்டி காயட்டும்

எங்கள் தெருவில் ஒரு நடைவண்டிக்குப் போட்ட பாலிஷ் காயவே இல்லை என்று சொன்னால் நீங்கள் முதலில் சாரலைத்தான் குறை சொல்வீர்கள், நாங்களும் அதைத்தான் செய்தோம். மலையடிவாரத்து ஊரில் ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் கொடியில் போட்ட துணி காயாது, அப்பளம் நமத்துப்போகும், தீக்குச்சி பற்றாது, எதற்கும் எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, சாரல் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் சாரல் நின்றது, ஐப்பசி மழை வந்து போனது, மார்கழிப் பனி வந்து போனது, பங்குனி வெயிலில் ரோட்டுத் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது, அப்போதும் அந்த வண்டி இந்த நிமிஷம்தான் தேய்த்து வைத்ததுபோல ஈரமாக மினுங்கிக்கொண்டு எங்கள் மொட்டைமாடியில் நின்றது.

செய்தவர் என் அப்பா. பாலிஷ் நல்லபெருமாள் என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்வார்கள். ஊரில் பாதிக் கதவுகள் அவர் கை பட்டவை. கொம்பரக்கு என்கிற மர அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, நனைத்து நனைத்துத் தேய்க்கிற பழைய பாலிஷ்தான் அவருடையது. ஸ்பிரிட் பறந்தவுடன் காய்ந்துவிடும், வாயால் ஊதி முடிப்பதற்குள் அடுத்த கை போடலாம். அந்தப் பாலிஷ்தான் காயவில்லை.

வண்டி யாருக்கு என்று சொல்லத்தான் எங்கள் தெருவில் யாருக்கும் வாய் வராது. எனக்கு வரும், சொல்லிவிடுகிறேன். என் அக்கா செண்பகம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவைச் சேர்ந்த சுடலைமணியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். எங்கள் தெருவில் எந்தக் கம்பத்தில் எந்தக் கம்பி தொய்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எந்த வீட்டின் அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரியாது, ஏனென்றால் எந்த வீட்டுக்குள்ளும் அவர் வந்ததில்லை. அந்தப் பக்கம் என்றால் என்ன, இந்தப் பக்கம் என்றால் என்ன என்று நான் விளக்கப் போவதில்லை, தமிழ் வாசிக்கத் தெரிந்த யாருக்கும் அது தெரியும், தெரியாததுபோல இருப்பதற்கும் தெரியும்.

அப்பா அருவாளைத் தூக்கவில்லை. அதுதான் எங்கள் தெருவில் பெரிய பேச்சு. "நல்லபெருமாள் அண்ணாச்சி தங்கமான மனுசன், மகளை வாழ விட்டுட்டாரு" என்று பலசரக்குக் கடை சங்குமுத்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பெற்ற மகளைக் கொல்லாமல் விட்டதற்கு ஒரு மனுஷனுக்குப் பட்டம் கொடுக்கிற தெரு எங்களுடையது, அந்தப் பட்டத்தை அப்பாவும் மறுக்காமல் வாங்கிவைத்துக்கொண்டார். அக்காவோடு பேசுவதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டார். நான் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகத்திலிருந்து வரும்போது வாய்க்காலைத் தாண்டி அவளைப் பார்த்துவிட்டு வருவதும் அவருக்குத் தெரியும். கேட்டதில்லை.

பிள்ளை பிறந்தாள். ஆதிரை என்று பெயர் வைத்தார்கள். நான் வந்து பெயரைச் சொன்னபோது அப்பா ஒரு நிலைக்கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை, ஆனால் கை நின்றுவிட்டது. அப்புறம் பிள்ளை இன்னும் குப்புற விழக்கூட இல்லை, அதற்குள் பட்டறையின் மூலையில் கிடந்த வாகைப் பலகையை எடுத்து இழைக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, பிள்ளை பிடித்து நடக்கிற முதல் வண்டி அம்மை வீட்டிலிருந்துதான் வரவேண்டும், வேறு வண்டியைப் பிடித்து நடந்த பிள்ளைக்கு அம்மை வீடு தங்காது என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அப்பா மூன்று சக்கரத்தையும் கடைந்து, தள்ளும்போது டக்டக்கென்று தட்டுவதற்கு ஒரு சின்ன மரக்குருவியையும் பொருத்தி வைத்ததைப் பார்த்தபோது, என்னுடைய எல்லா வாதங்களையும் கொஞ்ச நேரம் மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

அவர் அந்த வண்டியைத் தேய்த்ததுபோல எந்தக் கோயில் கதவையும் தேய்க்கவில்லை. முரட்டு உப்புத்தாளால் ஒரு தரம், மெல்லிய உப்புத்தாளால் ஒரு தரம், பிறகு ஈரத்துணியால் துடைத்து, ஈரத்தில் எழும்புகிற மெல்லிய மரநாரை மறுபடி தேய்த்து, கைப்பிடியைக் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்து, எங்கேயாவது உரசினால் திரும்பவும் தேய்த்து, காவிப்பொடியில் கொஞ்சம் மஞ்சளைக் குழைத்து, அது மரத்தின் ரேகைக்குள் இறங்கும்வரை பொறுத்திருந்து, இளஞ்சூடான செங்கல் நிறம் வந்தபின் நாக்கால் தொட்டுப் பார்த்தார். பிள்ளை வாயில் வைக்கும் என்றார். அவர் அப்படி மரத்தை நக்கியதைப் பார்த்து அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள், அழுதாளா சிரித்தாளா தெரியாது.

கொம்பரக்குப் பாலிஷைக் கடைசிக் கையும் போட்டு முடித்து வண்டியை நிழலில் வைத்துவிட்டு அப்பா வாசலுக்கு வந்தபோது சங்குமுத்து கேட்டார், அண்ணாச்சி அந்தப் பக்கம் எப்போ போறீங்க என்று. தெருவில் நாலைந்து பேர் நின்றார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார். பிறகு, "காயட்டும்" என்றார்.

அன்றிலிருந்து அது காயவில்லை.

இதை ஏற்றுக்கொள்ள எங்கள் தெருவுக்கு அதிக நாள் ஆகவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. முதலில் ஸ்பிரிட்டில் கலப்படம் என்றார்கள். பிறகு வாகை மரம் தண்ணீரைக் கக்குகிறது என்றார்கள். அழகு நிலையத்துப் பெண் தலைமுடி காயவைக்கிற மிஷினைக் கொண்டுவந்து அதன் கழுத்து உருகும்வரை பிடித்தாள். நான் என் பங்குக்கு வேதியியல் துறைத் தோழியை அழைத்து வந்தேன், அவள் இப்படி ஆகவே ஆகாது என்று மூன்று காரணம் சொல்லிவிட்டு விரலில் சிவப்போடு பஸ் ஏறினாள். மொட்டைமாடியில் பக்கத்திலேயே விரித்திருந்த மோர்மிளகாய் சருகாகக் காய்ந்தது, கூழ்வற்றல் வெடவெடவென்று காய்ந்தது, அம்மாவின் கனத்த போர்வை காய்ந்து விறைத்தது, நடுவில் வண்டி மட்டும் குளித்து எழுந்ததுபோல நின்றது. அதற்கப்புறம் காரணம் தேடுவதை விட்டுவிட்டார்கள். காலையில் பால் வாங்க வருகிறவர்கள் மாடிக்கு ஏறி ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஈரந்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் போகும்போது ஒரு தரமும் வரும்போது ஒரு தரமும் தொட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன் தொட்டார்கள், வெளியூரிலிருந்து வந்த சம்பந்திகளை முதலில் மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டிவிட்டுத்தான் காப்பி கொடுத்தார்கள், தெருவில் எல்லோருக்கும் ஆள்காட்டி விரல் செங்கல் நிறமாகிவிட்டது, டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற விரலைப் பார்த்தே கண்டக்டர் எங்கள் ஸ்டாப்பிங்குக்குச் சீட்டுக் கிழித்தார். நானும் ஊருக்கு வந்த நாளெல்லாம் தொட்டேன். வேறென்ன செய்ய.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வண்டி காய்ந்ததும் என்பது ஒரு தேதியாகிவிட்டது. சங்குமுத்துவுக்கும் அவர் தம்பிக்கும் நடுச்சுவர் தகராறு, வண்டி காய்ந்ததும் உட்கார்ந்து பேசலாம் என்றார்கள். மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டிய மருமகள், வண்டி காயட்டும் அத்தை என்றாள், மாமியாரும் தலையாட்டினாள். பங்குனியில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து, இந்த வருஷமாவது அம்மன் சப்பரம் தங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்று கேட்டபோது, கோயில் கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை, எல்லோரும் ஒரே குரலில் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள்: "அதுக்கென்ன, தாராளமா வரலாம். அந்த வண்டி மட்டும் காயட்டும்." வந்தவர்கள் எங்கள் மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அன்றைக்கு ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன், என் வீட்டு மாடியை ஒருவர் அப்படிப் பார்த்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது.

அக்கா முதலில் சிரித்தாள். "அப்பா பாலிஷ் காயலயா? யாருகிட்டட்டி சொல்லுத" என்றாள். பிறகு சிரிக்கவில்லை. ஆதிரை தவழ்ந்தாள், சுவரைப் பிடித்து எழுந்தாள், எழுந்து நின்று ஒரு காலைத் தூக்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் பொத்தென்று உட்கார்ந்தாள். அக்காவின் மாமியார் டவுனில் ஒரு பிளாஸ்டிக் வண்டி பார்த்துவைத்திருந்தார், வாங்கட்டுமா என்று கேட்டபோதெல்லாம் அக்கா வேண்டாமென்றாள். எங்க அப்பா செஞ்சு வச்சிருக்காரு அத்தை, வந்துரும், என்றாள். கதவை எப்போதும் ஒருக்களித்தே வைத்திருந்தாள். அப்பா வந்து கதவைத் தட்டுகிற ஆளில்லை, தட்டாமலே திரும்பிவிடுவார் என்று அவளுக்குப் பயம். பிள்ளை தானாக நடந்துவிடுவதற்குள் அவர் வரவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. நடந்துவிட்டால் அப்புறம் எந்தச் சாக்கில் அவர் வருவார்?

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் கரெண்ட் போனது. வண்டிக்கு நேராக அப்பா வைத்திருந்த ஸ்டாண்ட் ஃபேன் சுற்றுவதை நிறுத்தியது. வண்டி இன்றைக்குக் காய்ந்திருக்கும், கரெண்டுதான் கெடுத்துவிட்டது என்று தெருவே பொங்கியது, அப்படிப் பொங்குவதில் ஒரு சுகம் இருந்தது. சங்குமுத்து மின்வாரியத்துக்குப் போன் போட்டார். வந்தவர் சுடலைமணி அத்தான்.

எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற கம்பத்தில்தான் கோளாறு. ஏறினார். உச்சியில் நின்றபோது எங்கள் மொட்டைமாடி அவருக்குக் கீழே இருந்தது, அவருடைய மகளின் வண்டி வெயிலில் பளபளவென்று நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன், பிறகு கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பியை முறுக்கினார். ஃபேன் சுற்றியது. இறங்கி வந்து, சட்டையெல்லாம் வேர்வையோடு, எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார். அம்மா உள்ளேயிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பா கேட்டை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார், விலகவில்லை. அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் செம்போடு நின்றாள்.

"சார், ஃபேன் ஓடுதா?" என்றார் அத்தான்.

மாமா என்று கூப்பிடவில்லை. கரெண்ட் பில் கட்டுகிற யாரோ ஒருவரைக் கேட்பதுபோல ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஓடுது" என்றார் அப்பா, தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப காஞ்சிரும் சார்."

ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றவுமில்லை, உள்ளே கொண்டுபோகவுமில்லை, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம்வரை அது அங்கேயே இருந்தது, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்காமல் போவதற்குத் தெருவின் மறுபக்கமாக நடந்தார்கள்.

நான் அப்பாவோடு சண்டை போட்டேன். ஏற்கெனவே பல தரம் போட்டதுதான், சட்டம் பேசியிருக்கிறேன், வரலாறு பேசியிருக்கிறேன், அவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார், ஈரத்தோடு பொருளைக் கொடுப்பது தொழிலுக்குத் துரோகம் என்று. அன்றைக்கு நான் சட்டமும் பேசவில்லை வரலாறும் பேசவில்லை.

"தெருவே தொட்டுப் பாக்குது. நீங்க ஒருநாளாவது தொட்டுப் பாத்தீங்களாப்பா?"

"பாத்தாலே தெரியும்ட்டி."

"ஒருநாளாவது?"

அவர் தன் கையை மடியில் வைத்துக்கொண்டார். வலது கை. ஊரில் எல்லோருடைய விரலும் சிவந்திருக்க, வாழ்க்கையெல்லாம் பாலிஷில் ஊறிய அந்த விரல் வெளிறிப்போய்ச் சுத்தமாக இருந்தது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஒரு வாதத்தில் ஜெயித்துவிட்டு இவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததே இல்லை.

வைகாசி பிறந்த பிறகு பஸ் ஸ்டாண்டில் அத்தானைப் பார்த்தேன். பிள்ளை நடந்துவிட்டாள் என்றார். கொடியில் காயப்போட்ட சிவப்புத் துண்டு காற்றில் ஆடியது, அதைப் பிடிக்க எழுந்தவள் அப்படியே முற்றம் முழுக்க நடந்து போய்த் துண்டைப் பிடித்துவிட்டாளாம். அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டேன். கை தட்டினா, அப்புறம் போய்க் கதவைச் சாத்திட்டா, என்றார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் மிளகாய் விரிக்க மாடிக்குப் போன அம்மா இறங்கிவந்து, அவர் முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டினாள். புதிதாக எந்தச் சிவப்பும் ஒட்டாத விரல். காய்ந்துவிட்டது.

காய்ந்த வண்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தபோது தெரு கூடிவிட்டது. கண்ணாடிபோல இறுகியிருந்தது. அந்தக் கண்ணாடிக்குள், ஆட்டுமந்தை போன வண்டல் காய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி, கைப்பிடியிலிருந்து சக்கரம்வரை, குருவியின் அலகிலும்கூட, எங்கள் எல்லோருடைய விரல்களும் பதிந்திருந்தன. சங்குமுத்துவின் பருத்த விரல், கமிட்டிக்காரர்களின் மோதிரம் உரசிய விரல், என் விரல். நடைவண்டி என்று சொல்ல அதில் வழவழப்பாக ஓர் இடம் மிச்சமில்லை. சங்குமுத்துதான், உள்ளன்போடுதான் சொன்னார் என்று நம்புகிறேன், "இதென்ன பிரமாதம் அண்ணாச்சி. உப்புத்தாளைப் போட்டு ஒரு தேய் தேச்சு, மறுபடி ஒரு கை பாலிஷ் போட்டுட்டா முடிஞ்சுது. இப்படியேவா பிள்ளைக்குக் குடுக்கது" என்றார். கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. அத்தனை முகத்திலும் எவ்வளவு நிம்மதி.

அப்பா உள்ளே போய் உப்புத்தாளை எடுத்துவந்தார். குந்தினார். தாளை மடித்தார், கைப்பிடியில் வைத்தார், அவருக்கு அது எத்தனை எளிது, நாலு இழுப்பு. நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் அவர் எனக்குப் பதில் சொல்வதில் தப்பித்துவிடுவார் என்று தோன்றியது. ரொம்ப நேரம் அப்படியே குந்தியிருந்தார். பிறகு தாளைக் கீழே போட்டுவிட்டு, வண்டியை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். வாய்க்காலின் கல்பாலத்தை என் அப்பா தாண்டி நான் அதுவரை பார்த்ததில்லை.

அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அப்பா தட்டினார். திறந்த அக்கா அவரைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், அதில் இருந்த விரல்களைப் பார்த்தாள்.

"காஞ்சிட்டும்மா" என்றார்.

"அவ நடந்துட்டாப்பா."

அவள் காலுக்கு இடையில் புகுந்து ஆதிரை வெளியே வந்தாள். அப்பா வண்டியை இறக்கி அவள் முன்னால் வைத்தார், ஒருதரம் தள்ளிக் காட்டினார், குருவி டக்டக்கென்று தட்டியது. பிள்ளை சத்தம் வந்த இடத்தைப் பார்த்தாள், ஒன்றையும் பிடிக்காமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்து, அவரைத் தாண்டி, முற்றத்தில் மேய்ந்த கோழிக்குப் பின்னால் போய்விட்டாள்.

"உள்ள வாங்கப்பா" என்றாள் அக்கா. அவள் குரலில் கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அத்தான் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அப்பா ஒரு காலை எடுத்தார். எடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"இருக்கட்டும்மா. இன்னொரு நாள் வாரேன்."

அக்கா கொஞ்சம் காத்திருந்தாள். "அப்ப வண்டியும் வெளியவே இருக்கட்டும்ப்பா" என்றாள். அத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், வாசலில் நின்றபடியே அப்பா முழுச் செம்பையும் குடித்தார்.

திரும்பி வந்தபோது தெரு அப்படியே நின்றிருந்தது. எங்களுக்காகக் காத்திருந்தார்கள், நல்லது நடந்ததென்று கேட்கக் காத்திருந்தார்கள், ஒரு வருஷமாக அவர்களுடைய விரலும் அதில் இருந்ததல்லவா. பிள்ளை வண்டி ஓட்டிச்சா அண்ணாச்சி, என்று சங்குமுத்து கேட்டார். ஓட்டிச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"ஓட்டல" என்றார் அப்பா. "பிள்ளை நடந்துட்டு. உள்ள வான்னு மகள் கூப்பிட்டா. நான் வாசலோட வந்துட்டேன்."

கூடியிருந்தவர்கள் மேற்கொண்டு அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தார்கள், வெயில் என்றோ, தலைசுற்றல் என்றோ, ஏதாவது ஒன்று. அவர் சொல்லவில்லை. கடைசியில் சங்குமுத்துதான், கூடப்பிறந்தவனுக்குத் துண்டு கொடுத்து மானம் காப்பதுபோல, மெதுவாக எடுத்துக் கொடுத்தார், "வயசாயிட்டுல்லா அண்ணாச்சி. முட்டு வலியோட படி ஏற முடியுமா?"

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அங்கன படியே கெடையாதுவே" என்றார்.